டால்க்: கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத் தேர்வர்களுக்கு முக்கியக் குறிப்புகள்

• டால்க் என்பது நீரேறிய மெக்னீசியம் சிலிக்கேட். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதன் எண் 1, வைரத்துக்கு 10. நகத்தால் கீறினாலே மாவாக உதிரும்.

• டால்க் மிகுந்த பாறைதான் மாக்கல். கல்சட்டி செய்வது இதில்தான். கும்மிடிப்பூண்டி பக்கம் வெல்டிங் பட்டறைகளில் இரும்புத் தகட்டில் வெள்ளைக் கோடு இழுக்கும் குச்சியும் மாக்கல்தான். சாக்பீஸ் கோடுபோல் சூட்டில் மறைந்துவிடாது. சிந்துவெளி முத்திரைகளில் பெரும்பாலானவை இந்தக் கல்லே. மென்மையாக இருக்கும்போது செதுக்கி, பிறகு சுட்டுக் கடினமாக்கினார்கள். வரலாற்றுத் தாளிலும் இது வரும்.

• முகப்பவுடருக்கு டால்க் ஏன்? டால்க் ஏடு ஏடாக அமைந்தது. ஏடுகளுக்கு இடையே வலுவற்ற வான் டெர் வால்ஸ் விசை மட்டுமே இருப்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்; அந்த வழவழப்புதான் விற்கிறது. வியர்வையை நன்றாக உறிஞ்சும் என்று சொல்வது பாதி உண்மைதான். அதன் ஏட்டுப் பரப்பு தண்ணீரைவிட எண்ணெயோடுதான் ஒட்டும்.

• இந்திய உற்பத்தியில் முதலிடம் ராஜஸ்தான். உத்தராகண்டும் முக்கிய மாநிலம். தமிழ்நாட்டில் சேலம் பகுதியில் கிடைக்கிறது. 2015 முதல் டால்க் சிறு கனிமம். விதி வகுப்பது மாநில அரசு.

• திருவள்ளூர் மாவட்டம் டால்க் சுரங்கத்துக்குப் பெயர் பெற்றதல்ல. இங்கே தொழிற்சாலைதான் பேச்சு. பெயின்ட், பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றிலும் டால்க் நிரப்பியாகச் சேரும். முகப்பவுடருக்குப் போவது சிறு பங்கே. தொழிற்சாலை என்பதால் கூடவே படியுங்கள்: தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனங்களான சிட்கோ தொடங்கியது 1970, சிப்காட் 1971; கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்வது தேசிய நெடுஞ்சாலை 16.

• அதிகம் பேர் குழம்பும் இடம்: டால்க் வேறு, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வேறு. ஆனால் டிரெமோலைட், ஆந்தோஃபிலைட் போன்ற கல்நார் வகைகள் பூமிக்குள் டால்க் படிவத்தோடு சேர்ந்தே உருவாகலாம். வெட்டும் இடம் சரியில்லை என்றால் கல்நாரும் கூடவே வந்துவிடும்.

• 2024 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை 2ஏ பிரிவில் வைத்தது: ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்’. இது சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் பிரிவு. ஆபத்தின் அளவு அல்ல. சிவப்பு இறைச்சியும் 2ஏதான். ஜான்சன் அண்ட் ஜான்சன் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2020இல் அமெரிக்கா, கனடாவிலும், 2023இல் உலகெங்கும் நிறுத்தியது; அதற்கு மாற்றாக வந்தது சோளமாவுப் பவுடர்.

• சட்டம்: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940, அழகுசாதன விதிகள் 2020. சருமப் பவுடருக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 3959. குழந்தைகளுக்கானது ஐஎஸ் 5339. இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டுக் கேட்க வாய்ப்புண்டு.

• டால்க் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் வரும் நோய் டால்கோசிஸ். வீட்டில் யாராவது பவுடர் அரைக்கும், கலக்கும் வேலைக்குப் போனால் துணியைக் கட்டிக்கொள்வது போதாது. தூசி வடிகட்டும் முகக்கவசத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.