மண் காக்கும் வரலாறு

ஆசிரியர் பள்ளித் திடலில் புதைத்த நாணயத்தை உலோகங்காட்டும் கருவியால் கண்டெடுத்தோம். அதன் கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுள் உலோகம் இருப்பின் ஒலி எழும்.

மறுநாள் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கிற்குச் சென்றோம். 1960ஆம் ஆண்டில் சீரமைக்கப்பெற்ற புக்கிட் பத்து பகாட் கோயிலையும், சுங்கை பத்துவில் பண்டையோர் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் கண்டு வியந்தோம்.

"ஐயா, இங்கும் கருவியால் தேடலாமா?" என வினவினோம்.

"கூடாது. ஒரு பொருள் எந்த மண்ணடுக்கில், எதனருகே கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலத்தை ஆய்வாளர் அறிவர். நாம் தோண்டி எடுத்தால் பொருள் மிஞ்சும், வரலாறு அழியும்" என்றார் ஆசிரியர்.

தோட்டத்தில் மண் வெட்டும்போது பழம்பொருள் கிடைப்பின், 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். இதனைப் பெற்றோர்க்கும் எடுத்துரைப்போம்!