பழைய ஜீப் வாங்குவோரின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

மைசூரில் விலைக்கு வரும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் இரண்டு வகை அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, குடகின் காபித் தோட்டங்களில் உழைத்த மகிந்திரா ஜீப். மற்றது, ராணுவம் கழித்துவிட்ட ஜோங்கா. நிஸான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்டு 1969 முதல் 1999 வரை ஜபல்பூர் ராணுவ ஆலையில் செய்யப்பட்டது இது.

ராணுவ வண்டி என்றால் பராமரிப்பு பக்காவாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பணியில் இருந்த காலம் வரை அது சரிதான். ஆனால் பழுது பார்ப்பது இனிக் கட்டுப்படியாகாது என்று கழித்த பிறகுதான் வண்டி ஏலத்துக்கே வருகிறது. அதுவரை வெட்டவெளியில் கிடந்திருக்கும். பாகங்களும் கழன்று போயிருக்கலாம். ஜோங்காவின் 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட முடியாமல் பலர் டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றிருந்தால் பதிவைப் புதுப்பிக்கும்போது சிக்கல்தான்.

சாமுண்டி மலை ஏறிவிட்டால் வண்டி தேறிவிட்டது என்பது இன்னொரு நம்பிக்கை. தார்ச் சாலையில் மலையேற பின்சக்கரங்களே போதும். எஞ்சின், கிளட்ச், ரேடியேட்டர் பற்றித்தான் அந்த ஏற்றம் சொல்லும்; முன் ஆக்சில் பற்றி ஒன்றும் சொல்லாது. ஃபோர் வீல் லீவரைப் போட்டுக்கொண்டே ஏறினாலும் தவறு. இவ்வகை ஜீப்புகளில் முன், பின் ஆக்சில்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும்போது, காய்ந்த தாரில் சக்கரம் வழுக்கி அதை ஈடுகட்ட முடியாது. ஸ்டீயரிங் முறுக்கும், பல்சக்கரங்கள் திணறும், லீவர் வெளியே வராது. ஓட்டிப் பார்க்க ஏற்ற இடம் மண் தரை.

ஓட்டாமலும் ஒரு சோதனை உண்டு. சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்க வேண்டும். லீவர் விடுபட்ட நிலையில் அது கையால் சுழலும். எஞ்சினை அணைத்து, கியர் போட்டு, ஃபோர் வீல் லீவரையும் போட்டால் (ஹப் லாக் இருந்தால் அதையும் பூட்டி) சிறிது ஆடி நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் உள்ளே எங்கோ இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. பாகங்களே இல்லாத வெறும் ஆக்சிலாகவும் இருக்கலாம். சக்கரம் தூக்கியிருக்கும்போதே மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின், பேரிங் தேய்மானமும் தெரிந்துவிடும். பழைய ஜீப் என்றால் ஸ்டீயரிங் ஆடத்தான் செய்யும் என்ற சமாதானத்தை ஏற்க வேண்டியதில்லை.

ஆயில் கசிவைப் பொறுத்தவரை அந்தச் சமாதானம் பாதி உண்மை. டிரான்ஸ்ஃபர் கேஸில் லேசான ஈரம் சகஜம். ஆயில் பால் நிறத்தில் இருந்தாலோ, அடி போல்ட்டில் இரும்புத் துணுக்கு ஒட்டியிருந்தாலோ அது வேறு கதை.

புது பெயின்ட் எதையும் நிரூபிப்பதில்லை. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். மழை மிகுந்த குடகிலிருந்து வந்த வண்டியில் தரை விரிப்பை விலக்கித் தரையையும், படுத்துப் பார்த்துச் சேசிஸையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பது அவசியம்.

வண்டிக்கு ஐம்பது வயது கடந்தால் விண்டேஜ் நம்பர் வாங்கி ஓட்டலாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். 2021இல் வந்த மத்திய விதிப்படி எஞ்சின், சேசிஸ், பாடி மாறாதவற்றுக்கே அது கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் தேவராஜா மார்க்கெட்டுக்குப் போய்வர முடியாது.

கடைசியாகச் சேசிஸ் எண். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்துகள் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில் விழ வேண்டும். சுற்றிலும் அரைத்த தடமோ வெல்டிங்கோ இருக்கக் கூடாது. அது ஆர்.சி.யோடு ஒத்துப்போகாதவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.