என் தோலே எனக்கு மருந்து!



என் இடது கையைப் பார்த்து, "அது யாரு தோல்டி?" என்று பலர் கேட்கிறீர்கள். இதோ பதில்.

ஆறாம் வகுப்பு லீவில் கொதிக்கிற கஞ்சி கையில் கொட்டிவிட்டது. என் தொடைத் தோலை மெல்லிசாகச் சீவிக் கையில் ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். அம்மா அழுதுகொண்டே, "என் தோலை எடுத்துக்கங்க சார், புள்ளைக்கு எதுக்கு இன்னொரு புண்ணு?" என்றார்.

"ஒட்டாதுங்கம்மா. அடுத்தவங்க தோலை உடம்பு தள்ளிவிடும். அவ தோல்தான் அவளுக்கு நிலைக்கும்" என்றார் டாக்டர். தோலின் அடிப்பாகம் அங்கேயே இருந்ததால், தொடைப் புண் இரண்டு வாரத்தில் மூடிவிட்டது.

இது நம் நாட்டின் பழைய வித்தை! 1792-இல் மைசூர்ப் போர் முடிந்தபோதுதான் நம் சேலம், நாமக்கல் பகுதி திப்புவிடமிருந்து கம்பெனிக்குப் போனது. அதே போரில் ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி, திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். பிறகு புனே அருகே ஒரு நாட்டு வைத்தியர் மெழுகால் மூக்கு அளவெடுத்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை அறுத்துக் கீழே திருப்பிப் பொருத்தினார். ரத்தம் ஓடுவதற்காகப் புருவ நடுவில் மட்டும் அறுக்காமல் விட்டார். மூக்கு ஒட்டியபின்தான் அதையும் அறுத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகையில் இது படத்துடன் வெளிவந்தது. 1814-இல் கார்ப்யூ என்ற டாக்டர் அங்கே இதே முறையில் மூக்கு வைத்தார்.

நினைவில் கொள்க: சுட்டுக்கொண்டால் இங்க், மாவு பூசாதீங்க. 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

முன்பெல்லாம் தழும்பைத் துப்பட்டாவால் மூடுவேன். இனி மூட மாட்டேன். கேளுங்க, சொல்றேன்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி