பண்ணைக்குட்டை வெட்டும் முன் போட வேண்டிய கணக்கு

"குட்டை வெட்ட எவ்வளவு ஆகும்?" நம் கூட்டங்களில் உழவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. என் நிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடி வரும்? வந்தது நிற்குமா, கசியுமா? நின்றதை எந்தப் பயிருக்கு, எந்த மாதத்தில் கொடுக்கப் போகிறேன்? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் இயந்திரத்தை இறக்கினால் மிஞ்சுவது ஒரு பள்ளமும் ஒரு கடனும்தான்.

முப்பது வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். தண்ணீருக்கும் ஒரு பேரேடு போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. வரவு, செலவு, இருப்பு. அவ்வளவுதான்.

வரவு: மழை எவ்வளவு தரும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக, ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர். இந்த ஒரு கணக்கை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

பெய்த மழை முழுதும் குட்டைக்கு வராது. வரவும் கூடாது. நம் முதல் குட்டை நம் மண்தான். வரப்பு உயர்த்தி, சரிவுக்குக் குறுக்கே உழுது, மூடாக்குப் போட்டு, மண் குடித்தது போக மிஞ்சுவது மட்டும் குட்டைக்குப் போக வேண்டும். குட்டை நிறையட்டும் என்று வரப்பை உடைத்து விடுகிறவர்கள் தண்ணீரோடு மேல்மண்ணையும் சேர்த்தே அனுப்புகிறார்கள்.

அதனால் இயற்கை உழவர்கள் பத்தில் ஒரு பங்கு ஓடி வரும் என்று வைத்துக்கொண்டால் போதும். மூன்று ஏக்கர் சரிவு உங்கள் குட்டையை நோக்கி இருக்கிறது, ஐப்பசி முதல் மார்கழி வரை 400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் மொத்தம் 48 லட்சம் லிட்டர் விழும். பத்தில் ஒரு பங்கு 4 லட்சத்து 80 ஆயிரம். மழை பொய்த்து 250 மில்லிமீட்டர்தான் பெய்தது என்றால் 3 லட்சம். நல்ல ஆண்டை நம்பிக் குட்டை வெட்டாதீர்கள். குறைந்த மழையில் பாதிக்கு மேல் நிறைய வேண்டும், நல்ல மழையில் வழிந்தோட இடம் இருக்க வேண்டும். அதுதான் சரியான அளவு.

கொள்ளளவு: இங்கேதான் ஏமாறுகிறோம்

என் வயலில் இருப்பது 60 அடி நீளம், 50 அடி அகலம், 8 அடி ஆழம். மூன்றையும் பெருக்கினால் 24,000 கன அடி. ஆனால் குட்டை பெட்டி மாதிரி செங்குத்தாக இருக்காது. கரை சரிவாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சரிந்துவிடும். எங்கள் செம்மண் கலந்த வண்டலுக்கு ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு. கெட்டிக் களிமண் என்றால் ஒன்றுக்கு ஒன்று தாங்கும். மணல்பாங்கான நிலத்துக்கு இரண்டு அடியாவது வேண்டும்.

8 அடி ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 12 அடி உள்ளே போகிறது. அடிப்பரப்பு 36க்கு 26 ஆகிவிடுகிறது. கணக்கு இப்படி:

மேல்பரப்பு: 60 × 50 = 3,000 சதுர அடி
நடுப்பரப்பு: 48 × 38 = 1,824 சதுர அடி
அடிப்பரப்பு: 36 × 26 = 936 சதுர அடி

நடுப்பரப்பை நான்கால் பெருக்கி, மேலையும் அடியையும் கூட்டி, ஆறால் வகுத்து, ஆழத்தால் பெருக்குங்கள். 14,976 கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். மொத்தம் 4 லட்சத்து 24 ஆயிரம் லிட்டர்.

பெட்டிக் கணக்கில் 240 யூனிட் மண், உண்மையில் 150 யூனிட். யூனிட் கணக்கில் கூலி பேசினால் 90 யூனிட்டுக்குச் சும்மா பணம் கொடுப்பீர்கள். கடன் மனுக்களோடு வந்த திட்ட அறிக்கைகளில் இந்தப் பெட்டிக் கணக்கை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கொள்ளளவும் ஏறும், கடனும் ஏறும், தண்ணீர் மட்டும் ஏறாது. ஆகவே கூலி பேசும் முன் சரிவோடு சேர்த்து அளந்து எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவு: வெயிலும் மண்ணும் குடிப்பது

மழை விட்டபின் திறந்த நீர்ப்பரப்பில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொள்ளலாம். கோடையில் இன்னும் கூடும். என் குட்டையின் மேல்பரப்பு 279 சதுர மீட்டர். தினம் 1,400 லிட்டர். இரண்டு மாதத்தில் 80 ஆயிரத்துக்கு மேல். பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டினால் இந்த இழப்பு குறையும்.

அடுத்தது கசிவு. ஈர மண்ணைக் கையில் உருட்டிக் கயிறாகத் திரியுங்கள். விரிசல் இல்லாமல் வளையமாக வளைந்தால் களி உண்டு, தண்ணீர் நிற்கும். உடைந்து உதிர்ந்தால் நிற்காது. சந்தேகமாக இருந்தால், குட்டை வரப்போகிற இடத்தில் முழு ஆழத்துக்கும் ஒரு சின்னக் குழி எடுத்து, ஒரு தடவை நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி முழங்கால் அளவு நிரப்பிக் குச்சியில் குறி போடுங்கள். விடிந்ததும் ஓரிரு அங்குலம் இறங்கியிருந்தால் பரவாயில்லை. தண்ணீரே காணோம் என்றால் அது கசிவுக் குட்டைதான்.

கசிவது எப்போதும் நட்டம் இல்லை. குட்டைக்குக் கீழ்ச்சரிவில் உங்கள் கிணறு இருந்தால் கசிந்த நீர் அங்கே ஊறலாம். அப்படிப்பட்ட இடத்தில் விரிப்புப் போடாமல் விட்டுவிடுங்கள். கிணறும் இல்லை, நீரும் நிற்கவில்லை என்றால், கண்மாய் வண்டலும் சாணமும் கலந்து அடியிலும் சரிவிலும் அரை அடி கனத்துக்குப் பரப்பி, ஈரமாக இருக்கும்போதே மாடுகளை விட்டு மிதிக்க வையுங்கள். 500 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு கசிவை நிறுத்தும்தான். ஆனால் விலை அதிகம், வெயிலில் நைந்து போகும், கடைசியில் குப்பையாக நம் நிலத்திலேயே கிடக்கும். கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இருப்பு: எவ்வளவு பயிருக்கு?

மிதித்த மண்ணில் கசிவும் ஆவியாதலுக்குச் சமமாக இன்னொரு 80 ஆயிரம் என்று வைப்போம். 4 லட்சத்து 24 ஆயிரத்தில் இரண்டும் போக, தை மாதத்தில் கையில் இருப்பது சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். அதாவது ஒரு ஏக்கருக்கு இரண்டரை அங்குல மழை. தெளிப்பு நீராக ஒன்றேகால் அங்குலம் வீதம் இரண்டு முறை கொடுக்கலாம்.

"இவ்வளவுதானா?" என்பீர்கள். மானாவாரி மிளகாயோ பருத்தியோ பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது மழை நின்றுபோனால் அந்த இரண்டு தண்ணிதான் மகசூலைக் காப்பாற்றும். இது ஒரு ஏக்கருக்கான காப்பீடு. இதை நம்பி நெல் நடுவதோ கரும்பு வைப்பதோ கதைக்கு ஆகாது.

இடமும் அமைப்பும்

நிலத்தின் தாழ்வான பகுதியில், ஆனால் அண்டை நிலத்து வரப்பிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். மின்கம்பிக்கு அடியிலும் பெரிய மரத்தின் வேர்ப் பகுதியிலும் வேண்டாம்.

* மேல்மண் ஓர் அடியைத் தனியாக எடுத்து வயலில் பரப்புங்கள். அது பொன். அடிமண்ணைத்தான் கரைக்குப் போட வேண்டும்.
* கரைக்கும் குழி விளிம்புக்கும் நடுவே மூன்று நான்கு அடி இடம் விடுங்கள். இல்லாவிட்டால் கரை மண்ணே குட்டையைத் தூர்க்கும்.
* நீர் நுழையும் வழியில் ஐந்தடிச் சதுரம், மூன்றடி ஆழத்தில் வண்டல் பிடிக்கும் குழி எடுங்கள். வருடம் ஒருமுறை அள்ளி வயலுக்குப் போடலாம்.
* நுழைவாயிலில் கல் பதியுங்கள். வழிந்தோடும் வாய் நுழைவாயைவிட அகலமாக இருக்கட்டும்.
* கரையில் வெட்டிவேர் நடுங்கள். மண்ணைப் பிடித்து நிற்கும்.

ஆறு மாதம் நீர் நின்றால் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து நூறு குஞ்சுகள் விடலாம். மேல், நடு, அடி என்று மூன்றும் தனித்தனி மட்டத்தில் மேயும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அரசு தடை செய்தது, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உயிர்க்காவல்

பண்ணைக்குட்டையில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி மழைக்காலத்தில் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. விரிப்புப் போட்ட குட்டை இன்னும் ஆபத்து. சறுக்கி விழுந்தால் நீச்சல் தெரிந்தவரும் ஏற முடியாது. தண்ணீர் சேரும் முன்பே வேலி போட்டாக வேண்டும். ஒரு பக்கம் படி வெட்டுங்கள். கரையில் முளை அடித்து, முடிச்சுப் போட்ட கயிறும் காற்றடைத்த டியூபும் எப்போதும் கட்டிக் கிடக்கட்டும். செலவுப் பட்டியலில் வேலியைக் கடைசி வரியில் எழுதிவிட்டுப் பிறகு அடித்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன். முதல் வரியில் எழுதுங்கள். வேலிக்குக் காசில்லை என்றால் இந்த வருடம் குட்டை வேண்டாம்.

இரண்டு வரம்புகள்

கண்மாய்க்குப் போகும் வரத்துக்காலையோ ஓடையையோ மறித்துக் குட்டை வெட்டக் கூடாது. நம் நிலத்தில் விழுந்தது நமக்கு, ஓடையில் வருவது ஊருக்கு.

ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றிக் குட்டையை நிரப்புவதும் கூடாது. மகாராட்டிரத்தில் விரிப்புக் குட்டைகளை நிலத்தடி நீரால் நிரப்பும் பழக்கம் பரவி, பக்கத்துக் கிணறுகளைப் பாதிக்கிறது என்ற கண்டனம் எழுந்தது. நிழலில் பத்திரமாக இருக்கும் நீரை மேலே கொண்டுவந்து வெயிலுக்குக் கொடுப்பது சேமிப்பு ஆகாது.

இந்த மாதச் செய்முறை

அடுத்த மழை பெய்யும்போது குடையோடு வயலுக்குப் போங்கள். தண்ணீர் எங்கே திரள்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்துக் குச்சி நடுங்கள். மண் கயிறு திரித்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கை உங்கள் அளவுகளுக்குப் போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இயந்திர வாடகையும் இந்த ஆண்டு மானியமும் விசாரியுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் போன வருடம் பக்கத்து ஊரில் கிடைத்ததை நம்பி வேலை தொடங்க வேண்டாம். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்த பின்தான் வரும். அதுவரை கைப்பணம் தாங்குமா என்றும் அந்தத் தாளிலேயே எழுதிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக வந்தால் ஆவணி பிறப்பதற்குள் வெட்டி முடித்துவிடுங்கள். புதுக் கரை இறுகவும், வெட்டிவேர் வேர்விடவும் ஐப்பசி மழைக்கு முன் இரண்டு மாதமாவது வேண்டும்.