சாவி முழுவதும் உன் கையில்

ஹார்டுவேர் வாலட் வாங்கப் போகிறேன், ட்ரெஸரா லெட்ஜரா எது நல்லது என்று கேட்டிருந்தாய். பிராக் நகரத்து ட்ரெஸர் 2014இல் விற்பனைக்கு வந்தது. பிரான்சின் லெட்ஜர் நிறுவனம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இரண்டில் எதை வாங்கினாலும் குறையில்லை. கருவி கெட்டுப்போய்ப் பணத்தை இழந்தவரை நான் பார்த்ததில்லை. அவசரத்தால், பெருமையால், சோம்பலால் இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கருவியைப் பற்றிக் கொஞ்சமும் உன்னைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

1. எதை வாங்குகிறாய் என்று முதலில் தெரிந்துகொள். அந்தச் சின்னக் கருவிக்குள் பிட்காயின் எதுவும் இருக்காது. கணக்கு முழுவதும் உலகெங்கும் பரவிக் கிடக்கும் பிளாக்செயினில் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது அந்தக் காசைச் செலவழிக்கும் ரகசியச் சாவி. அது வெளியே வராமல் உள்ளிருந்தபடியே கையொப்பம் போடும். கருவி உடைந்தால் கலங்காதே. அமைக்கும்போது கருவி காட்டும் மீட்புச் சொற்கள் உன்னிடம் இருந்தால் வேறொரு கருவியில் எல்லாம் திரும்பிவிடும். கருவி பீரோவில் பத்திரமாக இருந்தாலும் சொற்கள் அடுத்தவன் கைக்குப் போனால் ஒன்றும் மிஞ்சாது.

2. இந்தப் பொறுப்பு உனக்கு வேண்டுமா என்று நன்றாக யோசி. நான் வங்கியில் லாக்கர் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன். லாக்கர் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றது வங்கியிடம். சாவியைத் தொலைத்துவிட்டுக் கலங்கி நின்றவர்களுக்கு, எழுதி வாங்கிக்கொண்டு, அவர்கள் கண்முன்னே லாக்கரை உடைத்துத் திறந்து கொடுத்திருக்கிறோம். உன் வாலட்டுக்கு அந்த இரண்டாவது சாவி கிடையாது. போய் நிற்க ஒரு மேசை கிடையாது. காசை வாங்கிய எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைப்பதும் நிம்மதி இல்லைதான். 2014இல் மவுண்ட் காக்ஸ், 2022இல் எஃப்டிஎக்ஸ் என்று பெரிய பெரிய இடங்களே சரிந்தன. 2024 ஜூலையில் நம் நாட்டு வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. எந்த ஆபத்தைச் சுமக்கும் குணம் உனக்கு இருக்கிறது என்பதை நீதான் அறிவாய்.

3. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே. தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலோ அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்கு. யாரோ பயன்படுத்திய கருவி வேண்டாம், நண்பன் கொடுத்தாலும் வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது அட்டையில் மீட்புச் சொற்கள் முன்பே எழுதியிருந்தால், அதை உனக்கு உதவி என்று நினைக்காதே. எழுதியவன் நீ பணம் போடும் நாளுக்காகக் காத்திருக்கிறான். அந்தச் சொற்கள் உன் கண்ணெதிரே, உன் கருவியின் திரையில், முதன்முறையாகப் பிறக்க வேண்டும்.

4. கருவியை அமைக்கிற நாளை நீ தேர்ந்தெடு. அலுவலகம் விட்டு வந்த களைப்பில் செய்யாதே. கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார். 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் 2013இல் வகுக்கப்பட்டது. அதிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவி காட்டும். சில புதிய கருவிகளில் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். காட்டுவதை அப்படியே வரிசை எண்ணோடு பேனாவால் எழுது. படம் எடுக்காதே. வாட்ஸ்அப்பில் உனக்கு நீயே அனுப்பிக்கொள்ளாதே. கூகுள் டிரைவ், மின்னஞ்சல் வரைவு, எதுவும் வேண்டாம். 2025 தொடக்கத்தில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். போனில் சேமித்திருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றில் மீட்புச் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுவதே அதன் வேலை. கூகுள், ஆப்பிள் இருவரின் கடைகளிலும் இருந்த செயலிகளுக்குள்ளேயே அது புகுந்திருந்தது.

5. பெரிய தொகை போடுவதற்கு முன் ஒத்திகை பார். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், இதற்காகத்தான் நான் உன்னிடம் கெஞ்சுகிறேன். போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு சிறு தொகையை அனுப்பு. பிறகு கருவியை முழுக்க அழித்துவிட்டு, தாளில் எழுதிய சொற்களை மட்டும் வைத்து மீட்டெடு. தொகை திரும்பத் தெரிகிறதா என்று பார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படிச் செய்தபோது கருவி சொற்களை ஏற்க மறுத்தது. நடப்பதைக் குறிக்கும் சொல்லை எழுத வேண்டிய இடத்தில் சுவரைக் குறிக்கும் சொல்லை எழுதியிருந்தாள். அந்தப் பட்டியலில் அவை இரண்டும் அடுத்தடுத்து வருபவை, ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. ஒத்திகையில் தெரிந்ததால் சிறு தொகையோடு போயிற்று. பிட்காயின் வாங்குவதைவிட இந்த ஒரு மாலைப்பொழுதுக்கு அதிகப் பொறுமை வேண்டும். அது உன்னிடம் இல்லையென்றால், வாலட்டை இப்போதைக்குத் தள்ளிப்போடு.

6. உன் நினைவாற்றலை நம்பாதே, அது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும். மார்க் ஃப்ராவன்ஃபெல்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2016இல் சுமார் 3,000 டாலருக்கு 7.4 பிட்காயின் வாங்கி ட்ரெஸரில் வைத்தார். 24 சொற்களையும் ஒரு தாளில் எழுதினார். வீட்டைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் அதைக் குப்பையென்று போட்டுவிட்டார்கள். கருவியைத் திறக்கும் பின் எண் மனப்பாடம் என்று நம்பியிருந்தார், அதுவும் மறந்துபோயிற்று. தவறாக ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கருவி காத்திருக்க வைக்கும் நேரம் இரட்டிப்பானது. இதற்கிடையே பிட்காயின் விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பழைய மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்த 15 வயது இங்கிலாந்துச் சிறுவனின் உதவியால்தான் 2017இல் அது திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு சிறுவன் கிடைக்க மாட்டான். இரண்டு பிரதி எழுதி இரண்டு ஊரில் வை. தாளைக் கரையான் தின்னும், தண்ணீர் கரைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் ஊறிப்போன பத்திரங்களை மாடியில் காயவைத்தவர்களைக் கேட்டுப் பார். தொகை வளர்ந்தால் சொற்களை எஃகுத் தகட்டில் பொறித்துக்கொள்.

7. அதிபுத்திசாலித்தனம் வேண்டாம். 24 சொற்களைப் பாதிப் பாதியாக வெட்டி வைப்பது, வரிசையை மாற்றி எழுதுவது, நடுவில் பொய்ச் சொல் சேர்ப்பது என்று உனக்குத் தோன்றும். திருடனை ஏமாற்ற நீ செய்த தந்திரம் பத்து வருடம் கழித்து உன்னையே ஏமாற்றும். கூடுதல் சொல்லாகச் சேர்க்கும் பாஸ்ஃபிரேஸ் என்ற வசதியும் அப்படித்தான். 2020இல் கிராக்கன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ட்ரெஸர் கைக்குக் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் உள்ளிருக்கும் ரகசியத்தை எடுக்கலாம் என்று காட்டியபோது, அதைத் தடுக்க வல்லது பாஸ்ஃபிரேஸ்தான் என்றார்கள். உண்மை. ஆனால் அதில் ஓர் எழுத்து பிசகினாலும் கருவி தவறு என்று சொல்லாது. வேறொரு வெற்று வாலட்டைத் திறந்து காட்டும், நீ பணம் போய்விட்டதென்று பதறுவாய். கை பழகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

8. கருவியின் திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதே. கணினித் திரை பொய் சொல்லும். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனது இப்படித்தான். ஒப்புதல் தரும் பொறுப்பில் இருந்தவர்களின் திரையில் பரிமாற்றம் வழக்கம்போல் சரியாகத் தெரிந்தது, அவர்கள் கையொப்பமிட்டது வேறொன்றுக்கு. விவரம் தெரிந்த பலர் கூடி ஒப்புதல் கொடுத்த இடத்திலேயே இது நடந்தது. ஆகவே பணம் போகும் முகவரியை முழுவதும் ஒப்பிட்டுப் பார். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும் ஒத்துப்போனால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான், முனைகள் இரண்டும் ஒத்திருக்கும் பொய் முகவரியைச் செய்து, உன் பரிமாற்றப் பட்டியலில் விழும்படி ஒரு துளிக் காசு அனுப்பிவைக்கிறார்கள். பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்காதே. புது இடத்துக்கு முதலில் சிறு தொகை அனுப்பு, சேர்ந்ததா என்று பார், பிறகு மீதி. என்னவென்று புரியாத எண்களும் எழுத்துகளும் கருவியில் வந்தால் மறுத்துவிடு. மறுப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

9. வாயைக் கட்டு. 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் வெளியே வந்தன. கருவிகளின் சாவிகள் கசியவில்லை, ஆனாலும் அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. சிலருக்குத் தபாலில் போலிக் கருவியே வந்தது, பழையதை மாற்றிக்கொள்ளுங்கள் என்ற கடிதத்தோடு. 2025 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் பலாண்டையே பிரான்சில் கடத்தி விரலை வெட்டினார்கள், காவல்துறை மீட்டது. உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பது கல்யாண வீட்டில் பேசும் விஷயமில்லை. மீட்புச் சொற்களை எந்த நிறுவனத்து ஆளும் கேட்க மாட்டான். கேட்பவன் திருடன், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும். உடனே செய்யாவிட்டால் பணம் போய்விடும் என்று யாராவது அவசரப்படுத்தினால், போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி.

10. கணக்கு எழுது. எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கினாய் என்பதை வாலட் உனக்காகக் குறித்து வைக்காது. இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத வரிப் பிடித்தம். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. பணம் உன் கையில் இருப்பதால் வரித்துறைக்குத் தெரியாது என்று எவனாவது சொன்னால் அவன் பேச்சைக் கேட்காதே.

11. உனக்குப் பிறகு யார் திறப்பார்கள் என்று யோசித்து வை. இளம் வயதில் இதைக் கேட்பது கசக்கும். லாக்கருக்கு நாமினி எழுதாமல் போனவர்களின் மனைவிமார் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு எத்தனை நடை நடந்தார்கள் என்று பார்த்தவன் நான். ஆனாலும் அவர்களுக்கு நடக்க ஒரு வங்கி இருந்தது. நீ முழுக்க நம்பும் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுது: என்ன இருக்கிறது, கருவி எங்கே, சொற்கள் எழுதிய தாள் எங்கே, எப்படி மீட்பது. சொற்களை அந்தக் கடிதத்தில் எழுதாதே. கடிதம் ஒரு கையில், தாள் வேறு இடத்தில் இருக்கட்டும். எழுதியதை அவரிடமே கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல், புரியாத இடத்தைத் திருத்து. துக்க வீட்டுக்கு உதவுகிறேன் என்று போன் செய்து வருபவர்களும் உண்டு. ஆகவே கடிதத்தின் முதல் வரியாக, யார் கேட்டாலும் அந்தச் சொற்களைப் போனிலோ கணினியிலோ தட்டாதே, கருவியில் மட்டும் தட்டு என்று எழுதிவிடு.