வேரைப் பிடித்தால் சொல் நிற்கும்

கேள்வி: போட்டித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை எவ்வளவு மனப்பாடம் செய்தாலும் மறந்துவிடுகிறதே, என்ன வழி?

பதில்: தனித்தனியாக உருப்போடுவதை விட்டு, வேர்ச்சொல்லைப் பிடிப்பதுதான் வழி. 'ஸ்பெக்ட்' என்ற லத்தீன் வேருக்குப் பார்த்தல் என்று பொருள். உள்ளே புகுந்து பார்த்தால் 'இன்ஸ்பெக்ட்'. கடந்ததைத் திரும்பிப் பார்த்தால் 'ரெட்ராஸ்பெக்ட்'. தன் மனத்துக்குள் பார்த்தால் 'இன்ட்ராஸ்பெக்ட்'. சுற்றுமுற்றும் பார்த்து எச்சரிக்கையாக நடக்கும் குணம் 'சர்கம்ஸ்பெக்ட்'. முன்னொட்டு மாற மாற, பார்வையின் திசைதான் மாறுகிறது!

நார்மன் லூயிஸ் எழுதி 1949இல் வெளிவந்த 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இந்த முறையில் அமைந்ததுதான். இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

முன்னொட்டில் மட்டும் உஷார் தேவை. 'இன்விசிபிள்' என்பதில் 'இன்' எதிர்மறை. கண்ணுக்குத் தெரியாதது என்று பொருள். பெட்ரோல் டேங்கர் லாரியில் காணும் 'இன்ஃபிளேமபிள்' அப்படியல்ல. எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். தலைகீழாகப் புரிந்துகொண்டால் ஆபத்து.

ஆகவே வேரை வைத்துப் பொருளை ஊகித்ததும் அகராதியில் சரிபார்த்துவிட வேண்டும். நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, படிக்கும்போது கண்ணில் படும் புதுச் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு எழுதிவரலாம். 'போர்ட்', 'ஸ்கிரைப்', 'டிக்ட்' ஆகிய மூன்றில் தொடங்குவது சுலபம்.