‘லீவு விடுவாங்க’ என்றாளாம்!

கேள்வி: என் மகளுக்கு நாலேகால் வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். பொங்கல் ஏன் கொண்டாடுகிறோம் என்று மிஸ் கேட்டதற்கு, ‘லீவு விடுவாங்க’ என்றிருக்கிறாள். டைரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். இப்போது ‘நாமளும் ரம்ஜான் கும்பிடலாம்மா’ என்று அடம்பிடிக்கிறாள். புரிந்துகொள்ளும் திறன் குறைவோ? இத்தனை விழாக்கள் அவளைக் குழப்புகின்றனவோ? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.
- ர.சு., திண்டுக்கல்

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. உங்கள் மகள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. பொங்கலுக்கு லீவு விடத்தானே செய்கிறார்கள்! தான் கண்டதைச் சொல்லியிருக்கிறாள்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, இரண்டு முதல் ஏழு வயது வரையிலான காலத்தை முன்செயல்பாட்டுப் பருவம் (காரணத்தையும் விளைவையும் மனத்துக்குள் கோத்துப் பார்க்க இன்னும் கைவராத வயது) என்றார். இந்த வயதுக்குப் போன வாரமும் ‘நேத்து’தான், போன தீபாவளியும் ‘நேத்து’தான். ‘அறுவடைத் திருநாள்’ என்று கணீரென்று ஒப்பித்த பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு மட்டும் அது விளங்கிவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? நெல்லையே பார்க்காத பிள்ளைக்கு அறுவடை எப்படிப் புரியும்?

ஒரு பிடி நெல் வாங்கி வந்து தட்டில் போடுங்கள். ஒவ்வொரு மணியாக நகத்தால் உரிக்கட்டும். உமியைத் தானே ஊதட்டும். பத்து அரிசி சேர்வதற்குள் அலுத்துவிடுவாள்; அலுக்கட்டும். ‘ஒரு பானை பொங்கலுக்கு எவ்வளவு உரிக்கணும்?’ என்று அவளே கேட்டால், டைரிக்கான பதில் பாதி வந்துவிட்டது. நீங்களாக எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள்.

அடுத்து சித்திரை முதல் நாள் வருகிறது. தினசரி காலண்டரில் காலையில் தாளைக் கிழிக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். ‘இன்னும் அஞ்சு தாள் கிழிச்சா வருஷப் பிறப்பு’ என்றால் நாள் நகர்வதைக் கையால் அறிவாள். அன்றைக்கு மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூவை அவளே தூவட்டும். முகம் சுளிப்பாள். அந்தக் கசப்போடு சேர்ந்துதான் அந்த நாள் நினைவில் நிற்கும்.

ரம்ஜான் விஷயத்தில் குழப்பமே இல்லை, ஆசைதான். தோழி யாராவது சேமியா கொண்டுவந்திருப்பாள். ‘அது அவங்க வீட்டுப் பண்டிகை. பெரியவங்க ஒரு மாசம் பகல்ல தண்ணிகூடக் குடிக்காம நோன்பு இருப்பாங்க, பிறை பார்த்துட்டுக் கொண்டாடுவாங்க. நாம போய் வாழ்த்துச் சொல்லுவோம்’ என்றால் போதும். மாடிக்கு அழைத்துப்போய்ப் பிறையைக் காட்டுங்கள். தீபாவளிக்கு முறுக்கு டப்பாவை அவள் கையாலேயே தோழி வீட்டில் கொடுக்கட்டும். ‘கும்பிடலாம்’ என்ற சொல்லைத் திருத்த அவசரமில்லை.

விழாவைப் புரியவைக்கப் பிள்ளைகளுக்கு மாறுவேடம் போடுவதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. கிறிஸ்துமஸ் தாத்தாவாகப் பஞ்சுத் தாடி ஒட்டிய மூன்று வயதுப் பையன், மூக்கில் பஞ்சு ஏறித் தும்மித் தும்மி அழுததைப் பார்த்திருக்கிறேன். ஏசு பிறந்ததைப் பற்றி அன்று அவன் என்ன கற்றிருப்பான்?

ஜனவரி 30 போன்ற நினைவு நாட்களில்தான் பெற்றோர் தடுமாறுகிறார்கள். காந்தி தாத்தா எப்படிச் செத்தார் என்று கேட்டால், ‘ஒருத்தர் சுட்டுட்டார், எல்லாரும் அழுதாங்க’ என்று உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். கேட்டதற்கு மேல் வேண்டாம். அன்று காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் உண்டு. இவளுக்குப் பத்து நொடியே அதிகம்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, இந்த வயதிலும் வாக்கியமாகப் பேசாதது, மற்ற பிள்ளைகளோடு ஒட்டாமலே இருப்பது ஆகியவை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. அடம்பிடிக்கும் அளவுக்கு நன்றாகவே பேசுகிறாள்.

மிஸ் மீது கோபம் வேண்டாம். டைரியில், ‘இன்று என் மகள் நெல் உரித்தாள்’ என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். காலண்டரை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.